மஞ்சூர் பஸ்ஸில் பொதுக்குழு

எங்கள் சங்கத்தின் பொதுக்குழு ஒரே ஒரு தடவைதான் முழுதாக நடந்து முடிந்திருக்கிறது. அதுவும் ஓடுகிற பஸ்ஸில். அது சட்டப்படி செல்லுமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். நான்தான் செயலாளர். செல்லும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

என் பெயர் இந்துமதி. ஊட்டிக்கும் மஞ்சூருக்கும் நடுவில், பனிமூட்டம் மனது வைத்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நூலக உதவியாளர். தலைமையிடம் சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற பெரிய மனிதர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து, ஒரு மணி நேரம் நடுங்கி, இரண்டு கிலோ கேரட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வருஷம் முழுக்க இங்கே கிடந்து வளாகத்தை ஓட்டுவது நாங்கள்: விடுதிச் சமையல், தோட்டம், ஆய்வகம், காவல், நூலகம் எல்லாம் சேர்த்து எண்பத்து நான்கு உறுப்பினர்கள். பதினோரு வருஷமாக நான் செயலாளர். எதிர்த்து யாரும் நிற்காததால் ஜெயித்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, அதனால் அவர் பேச்சு குறிப்பேட்டில் ஏறாது.

சசிரேகா விடுதிச் சமையலறையில் ஒப்பந்தத் தொழிலாளி. சேரம்பாடி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். இருபது வயதில் இங்கே வேலைக்கு வந்தாள், ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் ஆறு வருஷம் வேறு பெயர், பேண்ட் சட்டை. அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவளே தூக்கிப் போட்டதை நான் எதற்குப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்? பிறகு நீண்ட லீவில் போனாள். திரும்பி வந்தபோது சேலை கட்டியிருந்தாள். சமையலறை முழுக்கக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. அவள் நேராக டீ அண்டாவிடம் போய் மூடியைத் திறந்து, "யாரு போட்ட டிகாசனுங்க இது? சட்டி கழுவுன தண்ணியாட்ட இருக்குது," என்றாள். அடுத்த நிமிஷம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், வங்கி, ரேஷன் கார்டு என்று எல்லா இடத்திலும் ஏறி இறங்கிப் பெயரை மாற்றிவிட்டாள். எங்கள் வளாகத்து ஆபீஸ் மட்டும் பழைய ஃபைலில் பெயரை மாற்றாமல், புதிதாக வேலைக்கு வந்தவள் மாதிரி இன்னொரு ஃபைல் போட்டு வைத்தது. அங்கே ஃபேன் மாற்றவே நான்கு வருஷம் ஆகும். ஊட்டியில் ஃபேன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது தனிக் கதை.

இந்த வருஷம் தலைமையிடம் திடீரென்று ஞானம் பெற்று, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரம் ஆக்கப்போவதாக அறிவித்தது. பெயர்கள் சர்வீஸ் வரிசைப்படி ஒரே தாளில் போக வேண்டும். காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸ் வீடுகளையும் அதே வரிசையில்தான் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் மூன்று வீடுகள் ரோட்டை ஒட்டி இருக்கின்றன. ஜன்னல் மூடும், கூரை ஒழுகாது. நான்காவதிலிருந்து எல்லாம் தொண்ணூறு படி கீழே, ஓடைக்குப் பக்கத்தில். அங்கே குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் வாசலில் கரடி வரும்.

ஆபீஸ் தயாரித்த தாளில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. சசிரேகா இல்லை. மாதக் கடைசிக்குள் தாள் சமவெளிக்குப் போய்விடும். அதில் இல்லாதவர்கள், ஒப்பந்தம் முடிந்து வெளியேறுகிற ஒப்பந்தக்காரரோடு சேர்ந்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவள் நூலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். "அக்கா, தாள்ல என்ற பேரு இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுவது எனக்குப் பிடித்த வேலை, அதற்காகத்தான் சங்கத்துக்கே வந்தேன். தலைவர் பிராங்ளினை இழுத்துக்கொண்டு துணைப் பதிவாளர் அறைக்குப் போனேன்.

கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இந்த மனிதர் டீ கொடுப்பார். டீயைக் குடித்துவிட்டுத் திட்டுவதற்கு நாக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

"மேடம், சசிரேகாங்கிற பேர்ல மூணு வருஷ சர்வீஸ்தான் இருக்கு," என்றார். "அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் வேற ஒருத்தர் வேலை பார்த்திருக்கார். அவர் இப்ப வர்றதில்லை."

"ரெண்டும் ஒரே ஆளுங்க சார்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஃபைலுக்குத் தெரியணுமே."

பிராங்ளின் தொண்டையைச் செருமினார். அவர் ஆய்வக உதவியாளர், நல்ல மனிதர். ஆனால் ஒரு பிரச்சினையை எடுத்தால் ஜெனீவாவில் ஆரம்பித்துத்தான் ஊட்டிக்கு வருவார், பாதி நாள் வந்து சேரவே மாட்டார். அன்றைக்கு அவர் ஐரோப்பாவில் இருந்தபோதே துணைப் பதிவாளர் மெதுவாகக் கேட்டார்:

"அதெல்லாம் சரி. இவங்க உங்க சங்கத்துல உறுப்பினரா?"

நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் விண்ணப்பம் மூன்று வருஷமாகக் கிடப்பில் இருப்பதை ஒப்புக்கொண்டேன்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், சேலை கட்டி வந்த அந்த மாதமே, அவள் உறுப்பினர் படிவம் எழுதிக் கொடுத்தாள். ஆண், பெண் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன, பெண் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். செயற்குழுவில் ஒன்பது பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். மகளிர் குழுவில் சேர்ப்பதா, தனியாக ஒரு கட்டம் அடிப்பதா, அச்சகத்தில் கேட்பதா? பிராங்ளின் நாற்பது நிமிஷம் உலகத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசி முடித்து, "பரிசீலனையில் வைப்போம்," என்றார். வைத்தோம். என் டிராயரில். அவளிடம் கேட்கலாம் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும், பல்கலைக்கழகப் பணியிடங்களில் திருநங்கையருக்கு உரிய இடம் வேண்டும் என்று மூன்று மே தினத்துக்கும் தீர்மானம் எழுதியவள் நான். ஒவ்வொரு தடவையும் அதே டிராயரைத் திறந்துதான் பேனா எடுத்தேன். எங்கள் போராட்டம் எல்லாவற்றுக்கும் கேட்டில் டீ போட்டுக் கொடுத்தவள் அவள். நாங்கள் குடித்துவிட்டுச் சமத்துவம் வாழ்க என்று கத்தினோம். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"உறுப்பினர் இல்லாதவங்களைப் பத்தி சங்கத்துகிட்ட நான் எப்படிப் பேசறது?" என்றார் துணைப் பதிவாளர். "உங்க விதியைப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல கிடப்புல இருக்கிற விண்ணப்பத்தைப் பொதுக்குழுதான் ஏத்துக்க முடியும். மூணுல ரெண்டு பங்கு பேர் வந்திருக்கணும்." எங்கள் விதிகளை அவர் முழுதாகப் படித்திருக்கிறார். பிராங்ளின் அட்டையைத் தாண்டியதில்லை.

வெளியே சசிரேகா காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். டிராயர் விஷயத்தையும் சொன்னேன்.

"தெரியுமுங்க," என்றாள். "புஸ்தகம் அடுக்கித் தர வந்தப்ப டிராயர் தொறந்திருந்துச்சு. பாத்தேன்."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

ஏன் கேட்கவில்லை என்று கேட்க எனக்கு முகம் இல்லை. மறுநாளே பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் ஒட்டினேன்.

மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஐம்பத்தாறு பேர். வருவதில் சிரமம் இல்லை, மிக்சர் உண்டு என்றால் வருவார்கள். சிரமம் எல்லாம் மஞ்சூர் பஸ்தான். சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஏழரைக்கு. அந்த நேரத்துக்கு ரோட்டில் காட்டெருமை நிற்கும், அது யாருக்கும் வழி விடாது. எங்கள் உறுப்பினர்களில் முப்பத்தெட்டுப் பேர் நாலு இருபதில் போகிறவர்கள். வேலை முடிந்து மூன்றரைக்குக் கூட்டம் ஆரம்பிக்கும். பிராங்ளினின் வரவேற்புரை நாலே காலுக்கு முடியும். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் பாதிக் கூடம் காலியாகிவிடும். பதினோரு வருஷத்தில் எங்கள் பொதுக்குழு நிறைவேற்றியது இரங்கல் தீர்மானங்கள் மட்டும்தான். அதற்கு எழுந்து நின்றால் போதும், அப்படியே பஸ்ஸுக்கும் போய்விடலாம்.

"இந்தத் தடவை பேச்சே வேண்டாம் தலைவரே," என்று பிராங்ளினிடம் கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார். முப்பத்தைந்து நிமிஷம் மட்டும் பேசினார்.

அறுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். நான் அவசர அவசரமாகத் தீர்மானத்தைப் படித்தேன். காவலாளி மூக்கன் எழுந்து, பாத்ரூம் விஷயம் என்ன ஆவது என்று கேட்டார். அவருக்கு எந்தத் தீர்மானமாக இருந்தாலும் கடைசியில் பாத்ரூமில்தான் வந்து நிற்கும். பதில் சொல்வதற்குள் ஹாரன் கேட்டது. முப்பத்தெட்டுப் பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

சசிரேகாவும் வாசலில் பையோடு நின்றாள். அவள் மஞ்சூரில்தான் வாடகை அறையில் இருக்கிறாள். அவளுக்கும் அதே பஸ்தான். என்னைப் பார்த்து, "பஸ் போயிருமுங்க அக்கா," என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி சொன்னாள். அது எனக்குத் தாங்கவில்லை.

குறிப்பேட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். "கூட்டம் முடியலை! எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க!" என்று கத்தினேன்.

"எங்க ஊடு ஊட்டிப் பக்கமுங்க!" என்றார்கள் மற்ற இருபத்து மூன்று பேரும்.

"ஒரு நாளைக்கு மஞ்சூரைப் பாத்துட்டு வந்தா ஒண்ணும் தேஞ்சு போயிர மாட்டீங்க. ஆளுக்கு ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கித் தர்றேன். ஏறுங்க!"

டீயில் நனைத்துத் தின்கிற அந்த மொறுமொறு வர்க்கி என்றதும் ஏறினார்கள். பிராங்ளினை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். பொதுக்குழு எங்கே நடக்க வேண்டும் என்று எங்கள் விதிகளில் ஒரு வரியும் இல்லை.

நல்லவேளை, பஸ்ஸில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். கண்டக்டர் விமல் எங்களைப் பார்த்து மிரண்டுவிட்டான். "ஏனுங்க இந்துக்கா, கல்யாணமுங்களா?"

"பொதுக்குழு."

"அப்ப டிக்கெட் எடுங்க."

பெண்களுக்கு ஓசி டிக்கெட். ஆண்கள் என்னைத் திட்டிக்கொண்டே காசு கொடுத்தார்கள். விமல் சசிரேகாவிடம் வந்தான், ஒரு வார்த்தை கேட்காமல் பட்டனை அமுக்கி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். மூக்கனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, அவிகளுக்கு எந்த டிக்கெட்டு குடுத்த?"

"மெசின்ல பெண்களுக்கு ஒரு பட்டன், திருநங்கைக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. மொத நாளு உங்களுக்கு எதுங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. அன்னியிலிருந்து அதைத்தான் அமுக்கறேன். ரெண்டுமே ஓசி. உங்களுக்குத்தான் காசு, எடுங்க."

நாங்கள் ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முடிக்காததை இந்தப் பயல் இரண்டு வளைவுக்குள் முடித்துவிட்டான். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கேள்வி.

நான் டிரைவருக்குப் பின்னால் முதுகைச் சாய்த்து நின்று தீர்மானத்தை மறுபடி படித்தேன். குந்தா பாலத்துக்கு இறங்குகிற வளைவுகள் ஆரம்பித்திருந்தன. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்கள்கூட வளைவுக்குப் பயந்து எட்டிக் கம்பியைப் பிடித்திருந்ததால், எல்லோர் கையும் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. மேல்கம்பியைப் பிடிக்காமல் அந்த ரோட்டில் எவனும் நிற்க முடியாது. நான் மடமடவென்று எண்ண ஆரம்பித்தேன்.

"இது செல்லாதுங்க!" மூக்கன் கத்தினார். "நானு கம்பியப் புடிச்சிருக்கேன்!"

"எதிர்க்கிறதுன்னா கையை இறக்குங்க!"

மூக்கன் கொள்கைக்காரர், இறக்கினார். அந்த நொடியில் டிரைவர் கொண்டை ஊசியில் வண்டியை ஒடித்தார். மூக்கன் நேராகப் போய் பிராங்ளின் மடியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எதிர்க்க யாரும் தயாராக இல்லை. கேரட் மூட்டையோடு நின்ற ஊர்க்காரர் ஒருவர்கூட இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தார்.

"ஒருமனதாக," என்று நான் எழுதப்போனேன். சத்தியமாக எழுதியிருப்பேன். எனக்குத் தேவை ஜெயிப்பது, வழி எனக்கு முக்கியம் இல்லை.

"அக்கா," என்றாள் சசிரேகா. படிக்கட்டுப் பக்கம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். "இப்புடி வேண்டாமுங்க. நாளைக்கு அவரே சொல்லுவாரு, கீழ உழுந்துருவோம்னு பயந்து ஓட்டுப் போட்டோம்னு. பாலத்துல வண்டி நிக்கட்டும். அப்பக் கேளுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. கைக்கு வந்ததைத் தட்டிவிடுகிறாளே என்று. ஆனால் அவள் வாழ்க்கைக்கு ஓட்டு, என் பேனாவுக்கு என்ன அவசரம்?

குந்தா பாலத்தில் பஸ் டீக்கு நிற்கும். டிரைவர் இன்ஜினை அணைத்தார். கம்பியிலிருந்து கைகள் இறங்கின. எல்லாக் கையும். அவள் படியில் நின்று, அந்தத் தொங்கின கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மை எழுந்தாள். எங்கள் மகளிர் குழுத் தலைவி, விடுதிச் சமையல்காரி. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்த பிறகு சமையலுக்கு வந்தவள். அவள் பேசினால் மகளிர் குழுவே பேசினது மாதிரி.

"எனக்கு ஒண்ணு தெரியோணும்," என்றாள். "போராட்டம்னா கேட்டுக்கு முன்னாடி ஈரத்துல உக்காருறது பொம்பளைங்க. ஆம்பளைங்க பின்னாடி டீ அண்டாகிட்ட நின்னுக்கிட்டு கோசம் போடுவாங்க. ஏ சசி, நீயி முன்னாடி உக்காருவியா, பின்னாடி நிப்பியா?"

"முன்னாடிதாங்கக்கா. ஆனா ஒண்ணு, டீயை இனிமேல் ஆம்பளைங்க போடட்டும்."

பெண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சின்னம்மை கையைத் தூக்கினாள். அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்தன. ஊர்க்காரர்களின் கைகளைக் கழித்து எண்ணினேன். ஆதரவு நாற்பத்தொன்பது. எதிர்ப்பு ஏழு, மூக்கன் உட்பட. ஐந்து பேர் ஜன்னல் வழியாக அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை அப்படியே எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது, பனி என்று சொல்லிக்கொண்டேன். சசிரேகாவின் கண்ணில் ஒன்றும் இல்லை. "ரசீது குடுங்கக்கா," என்று கையை நீட்டினாள். உறுப்பினர் எண் எண்பத்தைந்து.

தாள் சமவெளிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது துணைப் பதிவாளர் எங்களைக் கூப்பிட்டார். நான், பிராங்ளின், சின்னம்மை, உறுப்பினர் என்ற முறையில் சசிரேகா. ஐந்து கப் டீ வந்தது.

"உங்க உறுப்பினருக்காக மேலிடத்துல பேசிட்டேன்," என்றார். "பன்னெண்டு பேர் தாள் அப்படியே போகட்டும். இவங்களுக்குத் தனித் தாள். சிறப்பு நேர்வு. மூணு வருஷ சர்வீஸ்னு கணக்கு வெச்சு, கருணை அடிப்படையில நிரந்தரம். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே அனுப்பிடறேன்."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? வேலை நிச்சயம். எந்தச் சங்கமாக இருந்தாலும் மாபெரும் வெற்றி என்று நோட்டீஸ் அடிக்கும். நான் மனதுக்குள் அடித்தே முடித்துவிட்டேன்.

"வேண்டாமுங்க சார்," என்றாள் சசிரேகா.

மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"அக்கா, கால மிதிக்காதீங்க," என்றாள் சத்தமாக. பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கி, வலது கையை மேஜை மேல் நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, பளபளவென்று இருந்தது. "இது இட்லிக் கொப்பரை மூடியத் தொறக்கறப்ப ஆவி அடிச்சதுங்க. நானு வேலைக்கு வந்த அஞ்சாவது வருசம். உங்க ஆபீஸ்லயே விபத்து ரிப்போர்ட் இருக்குது, எந்தக் கை, எவ்வளவு நீளம்னு டாக்டரு எழுதியிருக்காரு. வேற ஒருத்தரு வேலை பாத்தாருன்னு சொல்றீங்க. அவருக்குப் பட்ட காயம் என்ற கைக்கு எப்புடிங்க வந்துச்சு?"

துணைப் பதிவாளர் அந்தக் கையைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். ஜெனீவா பற்றி ஏதோ சொல்ல வந்த பிராங்ளினை நான் முழங்கையால் இடித்தேன்.

"ஒன்பது வருசமுங்க," என்றாள் அவள். "எனக்குக் கருணை வேண்டாம். அந்தத் தாள்ல என்ற சர்வீசுக்கு எது எடமோ அதுல எழுதுங்க."

அவர் தாளை எடுத்து விரலால் வரிசையைத் தடவினார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஒன்பது வருஷம்னா மூணாவது இடம். இப்ப மூணாவது இருக்கிறது..." என்று தலையைத் தூக்கி, "சின்னம்மை, நீங்கதானே? நீங்க நாலாவது ஆயிடுவீங்க. குவார்ட்டர்ஸ் கீழ போயிடும். உங்களுக்குச் சம்மதமா?"

அறையில் எல்லோரும் சின்னம்மையைப் பார்த்தோம். அந்த மூன்றாம் நம்பர் வீட்டு ஜன்னலை அவள் அளவெடுத்துத் திரைத்துணி தைத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். அவள் முழங்காலும் தெரியும். தொண்ணூறு படி. சசிரேகாவைப் பார்த்தேன், விட்டுக்கொடுத்துவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கையை மேஜையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"சம்மதமான்னு எதுக்குங்க கேக்கறீங்க?" என்றாள் சின்னம்மை. "சம்மதமே இல்லீங்க. வயிறு எரியுது. அந்த ஊட்டுல எங்க அடுப்பு வெக்கறது, எங்க கட்டில் போடறதுன்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கறேன். இவளப் புடிச்சு நாலு அறை அறையலாமான்னு வருது." மூச்சு வாங்கினாள். "ஆனா இவ எனக்கு எட்டு மாசம் முந்தி அடுப்படிக்கு வந்தவ. நானு வந்த அன்னிக்கு அம்பது கிலோ வெங்காயத்தக் காட்டி, எப்புடி உரிக்கோணும்னு சொல்லிக் குடுத்ததே இவதான். அப்ப எந்தச் சட்டை போட்டிருந்தா உங்களுக்கென்னங்க? மூணாவதுல எழுதுங்க. ஊட்டுச் சண்டைய நாங்க வெளிய போயிப் போட்டுக்கறோம். அதுக்கு நடுவுல நீங்க வேண்டாம்."

நான் பேனாவை மூடினேன். "உறுப்பினர்கள் சொன்னதுதாங்க சார் சங்கத்தோட முடிவு," என்றேன். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்தை உண்மையாகச் சொன்னேன்.

துணைப் பதிவாளர் மணியடித்து டைப்பிஸ்டைக் கூப்பிட்டார், விபத்து ஃபைலையும் எடுத்து வரச் சொன்னார். அரை மணி நேரத்தில் புதுத் தாள் வந்தது. பதின்மூன்று பெயர்கள். மூன்றாவது, சசிரேகா, ஒன்பது வருஷம். நான் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால், ஆபீஸ் படியிலேயே இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ற முட்டிக்குத் தொண்ணூறு படி எறங்குவேனா நானு? கொஞ்சமாச்சும் மனசு இருக்குதா உனக்கு?"

"மனசு இருக்குதுங்க. ஊடும் வேணுமுங்க."

"அந்தத் திரைத்துணிய என்ன பண்ணுறது, உன்ற தலையில போர்த்துறதா?"

"குடுங்க, என்ற ஜன்னலுக்கு அளவு சரியா இருக்கும்."

தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிராங்ளின் என் காதருகே வந்து, "நாம தலையிடணுமா?" என்றார்.

"எழுத்துமூலமா புகார் வந்தாப் பாக்கலாம் தலைவரே," என்றேன்.

மறுநாள் காலை நூலகத்தைத் திறக்கும்போதே வந்துவிட்டது. ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று சின்னம்மை, சசிரேகா மீது. இன்னொன்று சசிரேகா, சின்னம்மை மீது. இரண்டிலும் மறக்காமல் உறுப்பினர் எண் எழுதியிருந்தார்கள்.